பழைய சாம்ப்ளர் வாங்குவது: எதை எடுப்பது, எப்படிச் சோதித்து எடுப்பது

கேள்வி இது: இதுவரை லேப்டாப்பில் மட்டும் பீட் செய்தவர், பறை, உடுக்கை, பழைய இசைத்தட்டு இவற்றிலிருந்து ஒலித்துண்டுகளை எடுத்துப் பேடில் தட்டி வாசிக்க ஒரு செகண்ட் ஹேண்ட் சாம்ப்ளர் தேடுகிறார். 12 பிட் பெட்டிகளை, அதாவது ஒலியின் ஒவ்வொரு அளவையும் 12 இரும இலக்கங்களில் பதியும் 80-களின் சாம்ப்ளர்களைப் பற்றி நிறைய கேள்விப்பட்டிருக்கிறார். எதை வாங்கலாம், நேரில் பார்க்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் பெட்டி என்றால் அகாய் எம்பிசி 1000, அதுவும் மெமரி 128 மெகாபைட்டாகக் கூட்டியது. வாசித்துக்கொண்டே எஃபெக்டைத் திருகி ஒலியை உருக்குலைப்பதுதான் உங்களுக்குப் பிடித்த வேலை என்றால் ரோலண்ட் எஸ்பி-404 எஸ்எக்ஸ். மற்றவை எல்லாம் இந்த இரண்டில் ஒன்றைப் பழகிய பிறகு.

இதை ஒலியின் தரத்தை வைத்துச் சொல்லவில்லை. வாங்கிய பழைய சாம்ப்ளர் ஆறு மாதத்தில் அலமாரிக்குப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒலி அல்ல. ஒலியை உள்ளே போடவும் செய்த வேலையைச் சேமிக்கவும் ஒவ்வொரு முறையும் போராட வேண்டியிருப்பதுதான் காரணம். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை பிட்?" அல்ல. "இது எதில் சேமிக்கிறது?"

சேமிப்பு வகையில் கண்ணை மூடிக்கொண்டு தவிர்க்க வேண்டியது ஸ்மார்ட்மீடியா கார்டு. பாஸ் எஸ்பி-303, கோர்க் இஎஸ்-1, இஎஸ்எக்ஸ்-1 எல்லாம் இந்த மெல்லிய கார்டை நம்பியவை. கார்டு உற்பத்தி நின்று பல வருடம் ஆகிவிட்டது. எஸ்பி-303 ஏற்பது 64 மெகாபைட் வரைதான். கிடைக்கும் பழைய கார்டு எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. எஸ்பி-303-இன் கம்ப்ரஸர் ஒலிக்கு ஏங்குகிறவர்கள் பலர். அந்த ஏக்கம் நியாயமானதுதான். ஆனால் முதல் பெட்டியாக அது வேண்டாம்.

அடுத்தது ஃப்ளாப்பி. இது தீர்க்கக்கூடிய பிரச்சினை. ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் கோடெக் என்ற மாற்று டிரைவைப் பொருத்தி, ஃப்ளாஷ்ஃப்ளாப்பி என்ற ஃபர்ம்வேரை (டிரைவின் உள்மென்பொருளை) ஏற்றினால் ஒரு பென் டிரைவில் நூற்றுக்கணக்கான ஃப்ளாப்பிகளை வைத்துக்கொள்ளலாம். பொருத்தும்போது பலர் மாட்டிக்கொள்ளும் இடம் கேபிளின் 34-ஆவது பின். கணினியின் டிரைவ் அந்தப் பின்னில் "டிஸ்க் மாறிவிட்டது" என்று சொல்லும்; பழைய சாம்ப்ளர்களில் பல அதே பின்னில் "டிரைவ் தயார்" என்ற செய்தியை எதிர்பார்க்கும். அமைப்பு தவறாக இருந்தால் டிஸ்க் இல்லை என்றே சாம்ப்ளர் சொல்லிக்கொண்டிருக்கும். புது டிரைவ் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. ஃப்ளாஷ்ஃப்ளாப்பியின் அமைப்புக் கோப்பில் இடைமுகத்தை ஷுகார்ட் என்று மாற்றினால் பெரும்பாலானவை சரியாகும். அகாய் எஸ்950-க்கென்றே அதில் தனி அமைப்பு இருக்கிறது.

என்சோனிக் ஈபிஎஸ், ஏஎஸ்ஆர்-10 போன்றவற்றில் இன்னொரு சிக்கல்: இயக்குதளமே பெரும்பாலும் ஃப்ளாப்பியிலிருந்துதான் ஏற வேண்டும். டிரைவ் செத்தால் பெட்டியே செத்த மாதிரி. "ஆன் ஆகிறது, ஆனால் டிஸ்க் இல்லாததால் சோதிக்க முடியவில்லை" என்று ஒருவர் விற்றால், அதைச் சோதிக்காத பெட்டி என்று மட்டும் எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

எம்பிசி 1000 காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டில் சேமிக்கிறது; யூஎஸ்பி கேபிளில் இணைத்தால் கணினியில் ஒரு டிரைவாகத் தெரியும்; வேவ் கோப்பை அப்படியே இழுத்துப் போடலாம். 404 எஸ்எக்ஸ் 32 ஜிகாபைட் வரை எஸ்டி கார்டு ஏற்கும். இந்த வசதி ஒன்றே பத்து வருட உழைப்பைக் காப்பாற்றும். ஒரு குழப்பத்தை மட்டும் கவனியுங்கள்: 2005-இல் வந்த முதல் எஸ்பி-404 வேறு, அதில் காம்பாக்ட் ஃப்ளாஷ், எஸ்எக்ஸ் வேறு. விளம்பரத்தில் இரண்டையும் "404" என்றுதான் போடுவார்கள். புகைப்படத்தில் பெயரையும் கார்டு நுழையும் வாயையும் பாருங்கள்.

இனி மெமரி, அதாவது பெட்டி ஓடும்போது சாம்பிள்கள் தங்கும் இடம். கணக்கு எளிது. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ என்றால் ஒரு நொடிக்கு 88,200 பைட். ஸ்டீரியோ என்றால் இரு மடங்கு. 2 மெகாபைட்டில் சுமார் 24 நொடி மோனோ. 16 மெகாபைட்டில் 3 நிமிடம் 10 நொடி. 32-இல் 6 நிமிடம் 20 நொடி. 128-இல் 25 நிமிடம். பறையின் அடிகளை மெலிதாக, நடுத்தரமாக, பலமாக என்று 60 துண்டுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை நொடி எடுத்தால் மொத்தம் 90 நொடி, அதாவது சுமார் 8 மெகாபைட். தாளத்துக்கு மட்டும் என்றால் 16 மெகாபைட் தாராளம். இசைத்தட்டிலிருந்து நீளமான பகுதிகளை எடுத்து அறுக்கத் தொடங்கும்போதுதான் 128 தேவைப்படும்.

எம்பிசி 1000 கடையிலிருந்து வந்தபோது 16 மெகாபைட்தான். அடிப்பக்க மூடியைத் திறந்து மெமரியை மாற்றுவது ஸ்க்ரூ டிரைவர் வேலை; பழைய லேப்டாப்பின் 144 பின் மெமரியில் 128 மெகாபைட் ஒன்று போதும். ஆனால் எல்லாத் தயாரிப்பும் ஒத்துப்போகாது. சில அரை அளவாகத் தெரியும், சில தெரியவே தெரியாது. எனவே ஏற்கெனவே மாற்றிய பெட்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை; மெமரி அளவு காட்டும் திரையை மட்டும் கண்ணால் பார்த்துவிடுங்கள். எம்பிசி 2000எக்ஸ்எல் 2 மெகாபைட்டில் வந்து 32 வரை போகும். அதற்கு 72 பின் பழைய சிம் மெமரி வேண்டும், அதன் விலை இப்போது அநியாயம்.

மெமரியைத் தாண்டி எம்பிசி 1000-ஐச் சொல்வதற்குத் தாள வாத்தியம் ஒரு காரணம். ஒரே பேடில் நான்கு சாம்பிள்களை அடுக்கி, தட்டும் வேகத்துக்கு ஏற்ப மாறி ஒலிக்கச் செய்யலாம். அடிக்குச்சியின் ஒரே அடியைச் சத்தம் கூட்டிக் குறைத்து ஒலித்தால் அது பறை போல இருக்காது. பலமான அடியில் தோல் இழுபடும் விதமே வேறு. நான்கு அடுக்கு இருந்தால்தான் உயிர் வரும். 404 எஸ்எக்ஸில் ஒரு பேடுக்கு ஒரு சாம்பிள்தான். அதோடு எம்பிசி 1000-இல் ஸ்டீரியோ அவுட் தவிர நான்கு தனி அவுட்கள் உண்டு. பறையை ஒன்றில், பேஸ் ஒலியை ஒன்றில் என்று பிரித்து மிக்ஸ் செய்யலாம். 404 எஸ்எக்ஸில் ஒரு ஸ்டீரியோ ஜோடி, அவ்வளவுதான்.

எம்பிசி 1000-க்கு ஜேஜே ஓஎஸ் என்ற மாற்று இயக்குதளம் இருக்கிறது. தனி ஒருவர் எழுதியது; இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் உண்டு. சாம்பிளை அறுப்பதும் எடிட் செய்வதும் இதில் எவ்வளவோ சுலபம். கட்டணப் பதிப்பு ஏற்றிய பெட்டி என்று விற்பவர் சொன்னால், ஆன் ஆகும்போது திரையில் வரும் பதிப்புப் பெயரைப் படித்துப் பாருங்கள்.

எலெக்ட்ரான் டிஜிடாக்ட் 2017-இல் வந்தது. பழைய சந்தையில் நல்ல நிலையில் கிடைக்கிறது. 16 படிகளில் தாளத்தை அடுக்கிச் செல்பவருக்கு அது அருமையான பெட்டி. ஆனால் முதல் டிஜிடாக்டில் சாம்பிள் எல்லாம் மோனோ. அதன் பட்டன்களுக்கு வேக உணர்வு கிடையாது. விரலால் வாசிக்க விரும்பும் உங்களுக்கு அது பொருந்தாது.

12 பிட் விஷயத்துக்கு வருவோம். ஈ-மியூ எஸ்பி-1200 (1987), ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்பிசி 60 (1988), ராக்கில் பொருத்தும் அகாய் எஸ்950 (1988) மூன்றும் இந்தப் பெயருக்குரியவை. எஸ்பி-1200-இன் பதிவு வேகம் 26.04 கிலோஹெர்ட்ஸ். அதில் பாதியான 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் பதிவாகாது. பறையின் மெல்லிய நீளக் குச்சியான சிம்புக்குச்சியின் கூர்மையான ஒலி மழுங்கும். மொத்தம் 10 நொடி, ஒரு சாம்பிளுக்கு அதிகபட்சம் 2.5 நொடி. அந்தக் குறுகலைத் தாண்ட நியூயார்க் தயாரிப்பாளர்கள் 33 ஆர்பிஎம் தட்டை 45-இல் ஓட்டிப் பதிந்து, பெட்டிக்குள் ஏறத்தாழ ஐந்து சுரத்தானம் கீழே இறக்கினார்கள். நேரம் 1.35 மடங்கு மிச்சம். சுருதியை இறக்கும்போது இடையிலுள்ள மதிப்புகளைக் கணக்கிட்டு நிரப்பாமல் இருப்பதையே திரும்பப் போடுவதால், மூலத்தில் இல்லாத கரகரப்பும் உலோக மினுக்கமும் சேரும். மக்கள் மயங்கும் "அந்த ஒலி" பெரும்பாதி இதுதான். பிட் எண்ணிக்கையின் பங்கு சிறியது. எஸ்பி-1200-இல் எட்டு அவுட்களும் ஒரே மாதிரி அல்ல என்பதும் சேர்த்திதான்: முதல் இரண்டில் எஸ்எஸ்எம்2044 என்ற அனலாக் ஃபில்டர் சிப், 3 முதல் 6 வரை நிலையான ஃபில்டர், 7, 8 ஃபில்டரே இல்லாமல். ஆகவே வாங்குபவர் எட்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இவற்றின் விலை இன்று சேகரிப்பாளர் விலை. அந்த நிறம் வேண்டும், பணம் அளவாக இருக்கிறது என்றால் எஸ்950 மட்டுமே நியாயமான வழி. பேடு கிடையாது, மிடி (இசைக்கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் இணைப்பு) கீபோர்டோ எம்பிசியோ இணைத்து வாசிக்க வேண்டும். பதிவு வேகத்தை 7.5 முதல் 48 கிலோஹெர்ட்ஸ் வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய குணம். எம்பிசி 1000-ஐ வைத்துக்கொண்டு பின்னால் ஒரு எஸ்950 சேர்ப்பது நல்ல பாதை. முதலிலேயே 12 பிட் பெட்டியில் இறங்கினால் பாட்டு செய்வதைவிடப் பெட்டியைப் பழுது பார்ப்பதே வேலையாகிவிடும்.

சரி, பெட்டியைப் பார்க்கப் போகிறீர்கள், அது எம்பிசி 1000 என்று வைத்துக்கொள்வோம். ஹெட்ஃபோன், போனிலிருந்து ஒலி கொடுக்க 3.5 மில்லிமீட்டரிலிருந்து இரண்டு 6.35-க்குப் பிரியும் கேபிள், உங்கள் சொந்தக் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு (2 ஜிகாபைட் போதும், அதற்கு மேல் பழைய இயக்குதளங்கள் தகராறு செய்யலாம்), ஒரு மிடி கேபிள் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும் வரை பெட்டியை ஆன் செய்ய வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த நிலையில் மட்டும் தலைகாட்டும் பழுது உண்டு, சூடேறிய பின் மட்டும் வருவதும் உண்டு. இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஆன் செய்ததும் திரை. வெளிச்சம் மங்கி, காதை வைத்தால் மெல்லிய கீச்சொலி வந்தால், 90-களின் பெட்டிகளில் அது பின்னொளித் தகடு தேய்ந்ததன் அடையாளம். மாற்றலாம், மெல்லிய வேலை. திரையில் ஒரு கோடு முழுதாகக் காணவில்லை என்றால் திரையையே மாற்ற வேண்டியிருக்கும்.

பேடுகளுக்கு நேரம் கொடுங்கள். எம்பிசியில் முதலில் அமைப்புக்குப் போய்ப் பேட் உணர்திறனையும் தொடக்க அளவையும் பழைய நிலைக்கு மாற்றுங்கள். சோர்ந்த பேடை மறைக்க அவற்றை உயர்த்தி வைத்திருப்பது வழக்கம். பிறகு ஒவ்வொரு பேடையும் நடுவிலும் நான்கு மூலைகளிலும், மெதுவாகத் தொடங்கி பலமாகத் தட்டிக்கொண்டே திரையில் வரும் வேக எண்ணைப் பாருங்கள். 127-ஐ எட்ட முஷ்டியால் குத்த வேண்டியிருந்தால் அழுத்த உணரி தேய்ந்திருக்கிறது. ஒரு தட்டுக்கு இரண்டு ஒலி வந்தாலும் அப்படியே. ரப்பருக்கும் உணரிக்கும் இடையில் மெல்லிய டேப் ஒட்டினால் ஓரளவு சரியாகும்; உணரித் தகடும் தனியாக விற்கிறார்கள். இது விலை குறைக்கும் காரணம், பெட்டியை நிராகரிக்கும் காரணம் அல்ல.

பட்டன்கள் ஒவ்வொன்றையும் ஒரு முறை அழுத்துங்கள். இரண்டு முறை பதிவது, அழுந்தியும் பதியாதது எல்லாம் உள்ளே இருக்கும் சின்னச் சுவிட்சின் ஆக்ஸைடு. ஒரு சுவிட்சின் விலை சில ரூபாய்தான், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கைப்பிடியாக வாங்கலாம். சால்டர் செய்யும் கூலிதான் செலவு. மேலிருந்து கான்டாக்ட் கிளீனரை அடித்தால் இரண்டு வாரம் நன்றாக இருக்கும், பிறகு திரும்பும். மாற்றுவதே வழி.

டேட்டா வீலை மிக மெதுவாகத் திருப்பி 1 முதல் 100 வரை ஏற்றுங்கள். எண் பின்னுக்குக் குதித்தால் என்கோடர் (வீலின் திருப்பத்தை எண்ணாக்கும் பகுதி) தேய்ந்தது. எம்பிசி 1000-இல் இது அடிக்கடி வரும் குறை. இதோடு வாழ முடியாது. சாம்பிளின் தொடக்கப் புள்ளியை நுணுக்கமாக வைக்கும் ஒவ்வொரு முறையும் எரிச்சலூட்டும்.

பிறகு போனிலிருந்து ஒலி கொடுத்து இடது, வலது இரண்டிலும் பதியுங்கள். ஒலி எதுவும் கொடுக்காமலும் பத்து நொடி பதிந்து, சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். ஹம் இருந்தால் பவர் சப்ளையின் கெப்பாசிட்டர் மேல் சந்தேகம் வரும். ஜாக்கில் கேபிளைச் செருகி மெல்ல ஆட்டுங்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால் சால்டர் விரிசல், சிறிய பழுது.

எஸ்950 போல ஒவ்வொரு குரலுக்கும் (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஒலிகள் ஒவ்வொன்றுக்கும்) தனிச் சுற்று உள்ள பழைய பெட்டிகளில் பலர் விட்டுவிடும் சோதனை ஒன்று இருக்கிறது. நீளமான, சுத்தமான ஒரு ஒலியை, உதாரணமாக ஒரு சுருதிப் பெட்டியின் ஒலியைப் பேடில் போட்டு, முந்தையது முடியும் முன் அடுத்ததாக, முப்பது நாற்பது முறை தொடர்ந்து தட்டுங்கள். அத்தகைய சாம்ப்ளர் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குரலை ஒதுக்கிச் சுழற்சியாக எல்லாவற்றையும் பயன்படுத்தும். ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் மட்டும் கரகரவென்றோ சத்தம் குறைந்தோ வந்தால், ஒரு குரலுக்கான சுற்றே பழுது. அப்படியானால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அந்தச் சிப்புகள் தனியாகக் கிடைப்பது அரிது.

பதிந்ததை அறுத்து, பேடில் வைத்து, உங்கள் கார்டில் சேமித்து, பெட்டியை அணைத்து, மறுபடி ஆன் செய்து ஏற்றிப் பாருங்கள். இதைச் செய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம். மிடி இன், மிடி அவுட் இரண்டையும் ஒரு கீபோர்டோடு சோதியுங்கள். கடைசியாக ஒரு பேட்டர்னை ஓடவிட்டு அரை மணி நேரம் விற்பவரோடு பேசிக்கொண்டிருங்கள். சூட்டில் உறைவது, தானாக அணைவது, திரை குழம்புவது எல்லாம் அப்போதுதான் வரும்.

முடிந்தால் அடிமூடியைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள், மின்கம்பியைப் பிடுங்கிய பிறகு. பவர் சப்ளைப் பகுதியைத் தொடவே கூடாது. அணைத்த பிறகும் அங்குள்ள கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் நிற்கும். பார்க்க வேண்டியது பச்சை நிறப் பூப்பு, பேட்டரி கசிந்த கறை, உப்பிய கெப்பாசிட்டர். கடலோர ஊர்களில் இருந்த பெட்டிகளில் துரு சாதாரணம். வெளி ஸ்க்ரூவில் மட்டும் என்றால் கவலை இல்லை. போர்டின் செப்புத் தடங்களைப் பச்சை தின்றிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

வோல்டேஜ் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் இதில்தான் பெட்டிகள் ஒரே நொடியில் சாகின்றன. ஜப்பானிலிருந்து வருபவை பெரும்பாலும் 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வருபவை 120. நம் 230-இல் நேராகச் செருகினால் முடிந்தது. பின்புறத் தகட்டில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்புங்கள், "எல்லா வோல்டேஜிலும் ஓடும்" என்ற வாய்வார்த்தையை அல்ல. 100 வோல்ட் பெட்டிக்கு 230-ஐ 100-ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், 110-ஆக்குவது அல்ல. தகட்டில் போட்ட வாட் அளவில் இரு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். 404 எஸ்எக்ஸ் 9 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது. அதன் பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். கடையில் கிடைக்கும் பொது அடாப்டர்கள் பல நடுமுனை பாசிட்டிவ். சந்தேகம் இருந்தால் ஆறு ஏஏ பேட்டரி போட்டுச் சோதியுங்கள். அந்தப் பெட்டிக்கு அந்த வசதி இருக்கிறது.

விலை பேசும்போது பெட்டியின் விலையோடு மெமரி, கார்டு, டிரான்ஸ்ஃபார்மர், வெளிநாடு என்றால் கூரியரும் சுங்கவரியும் கூட்டிப் பாருங்கள். இவ்வளவும் சேர்த்தால் 2021-இல் வந்த எஸ்பி-404 எம்கே 2-இன் புது விலையைத் தொடுகிறது என்றால், பழைய எஸ்எக்ஸுக்குப் போக வேண்டாம். எம்கே 2-இல் 16 ஜிகாபைட் உள்சேமிப்பும் உத்தரவாதமும் கிடைக்கும். எம்பிசி 1000-க்கு அப்படி நேரான மாற்று இல்லை.

வாங்கி வந்த அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கார்டில் முந்தைய உரிமையாளர் விட்டுப்போனதைக் கணினியில் நகலெடுத்துவிட்டு, கார்டைச் சாம்ப்ளரிலேயே ஃபார்மட் செய்யுங்கள், கணினியில் அல்ல. பிறகு பறை எடுக்கப் போகும்போது தோலைக் காய்ச்சிய சூடு ஆறுவதற்குள் எல்லா அடிகளையும் ஒரே மூச்சில் பதிந்துவிடுங்கள். சுருதி இறங்கிய பின் எடுத்த அடி முதலில் எடுத்ததோடு சேராது; அதைப் பெட்டிக்குள் ஏற்றி இறக்கிச் சரிசெய்தால் ஒலியின் குணம் மாறிவிடும்.